சத்திரக்காரனின் கணக்கு

நல்ல சமாரியன் கதையில் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிற பாத்திரம் ஒன்று உண்டு. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தன் வாகனத்தில் ஏற்றிக் கொண்டுவந்து சத்திரத்தில் சேர்க்கிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிப் போய்விடுகிறான். லூக்கா கதையை அங்கே நிறுத்திவிடுகிறார். சத்திரக்காரன் அவனை எத்தனை நாள் வைத்திருந்தான், எப்படி நடத்தினான், குணமானவன் எங்கே போனான் என்பதெல்லாம் கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இரக்கத்தைப் பற்றிப் பேச சமாரியன் போதும். வீடில்லாத ஓர் இளைஞனுக்கு வாழ்க்கை அமைத்துக் கொடுப்பதைப் பற்றிப் பேச வேண்டுமானால் சத்திரக்காரனிடம்தான் போக வேண்டும்.

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கம் ரயில் பிரிகிறது. வீட்டை விட்டு ஓடிவந்தவன் இறங்குவதற்கும், யாராவது விசாரித்தால் மறுபடி ஏறிவிடுவதற்கும் தோதான இடம். இப்படி வருகிறவனுக்குச் சோறு போடுவது எப்படி என்று இந்தத் தென்னாற்காட்டு மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வடலூரில் 1867ல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே இலையில் உட்காருகிறவனை யாரும் பெயர் கேட்பதில்லை. ஊர், சாதி, ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. கேட்காமலிருப்பதுதான் அந்தத் தர்மத்தின் மேன்மை. பசி தன்னைத்தானே நிரூபித்துக்கொள்கிறது.

ஆனால் அதே பையனுக்குப் படுக்க இடமும் படிப்பும் ஒரு தொழிலும் தர வேண்டுமென்றால் கேட்காமல் முடியாது. பெயர் என்ன, வயது என்ன, அப்பா அம்மா இருக்கிறார்களா, ஏன் ஓடிவந்தாய், யாராவது அடித்தார்களா என்று கேட்டாக வேண்டும். பாங்க் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு இது தினசரி அனுபவம். விலாசம் இல்லாதவனுக்குக் கணக்கு திறப்பது எத்தனை கஷ்டம் என்று நான் பார்த்திருக்கிறேன். பணத்தைவிட முதலில் ‘இவனை எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அன்னதானத்தில் கொடுப்பவனும் வாங்குபவனும் அந்நியர்களாகவே பிரிந்துவிடலாம். இல்லம் நடத்துபவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவன் தெரிந்துகொள்கிறான்; தெரிந்துகொள்வதால் அதிகாரம் பெறுகிறான்.

கிறிஸ்தவத் தொண்டைப் பற்றிய நம் விவாதங்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. 1876–78 பஞ்சத்தில் சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்ற பழைய ஏச்சிலேயே நின்றுவிடுகின்றன. உள்நோக்கம் சுத்தமா இல்லையா என்ற கேள்வி அவசியமானதுதான். சாப்பாட்டுக்கு ஞானஸ்நானத்தை விலையாகக் கேட்டால் அது தர்மம் அல்ல, வியாபாரம். ஆனால் மதத்தை ஒரு வார்த்தைகூடப் பேசாத ஸ்தாபனமும் ஒரு விலையை வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுகிறது. அந்த விலை பையனின் கதை. அதை வாங்கி வைத்துக்கொண்டவன் அதற்கு எந்த வகையில் பொறுப்பாளி என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இத்தாலியின் டூரின் நகரத்தில் ஜான் போஸ்கோ என்ற இளம் பாதிரியார் தம் வேலை தொடங்கிய நாளாக 1841 டிசம்பர் 8ஐக் குறிப்பிடுகிறார். கோயில்பிள்ளை அடித்து விரட்டிய ஒரு கொத்து வேலைப் பையனைத் திரும்பக் கூப்பிட்டு அவர் பேசியதை நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். பெயர், ஊர், தகப்பன் இருக்கிறாரா, தாய் இருக்கிறாளா, வயது, எழுதப் படிக்கத் தெரியுமா: கிட்டத்தட்ட நம் விண்ணப்பப் படிவம். தொழிற்சாலைகளையும் கட்டட வேலையையும் நம்பிக் கிராமங்களிலிருந்து வந்து குவிந்த அநாதைப் பையன்களுக்கென்று அவர் ஏற்படுத்திய சலேசிய சபை 1906ல் தஞ்சாவூருக்கு வந்தது. 1985ல் சென்னைத் தெருப் பையன்களுக்காக அன்பு இல்லத்தைத் தொடங்கியது. இந்தச் சரித்திரத்தில் என்னை அதிகம் நிறுத்தியது ஓர் ஒப்பந்தக் காகிதம்.

1852 பிப்ரவரியில் ஒரு பையனைத் தச்சு வேலை கற்கச் சேர்த்தபோது போஸ்கோ முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினார். பட்டறைக்காரர் பையனைச் சொல்லால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது. கூலி வருஷத்துக்கு வருஷம் உயர வேண்டும். பையனும் உழைப்பதாகவும் கீழ்ப்படிவதாகவும் ஒப்புக்கொள்கிறான். பாதிரியார் தாமும் ஒரு தரப்பாகக் கையெழுத்திடுகிறார். இரக்கப்பட்டவர் இரக்கத்தை நம்பவில்லை என்பதுதான் இதில் விசேஷம். பட்டறைக்காரனின் நல்ல மனசையும் நம்பவில்லை, தம்முடையதையும் நம்பவில்லை. நாளைக்கு ஒருவேளை மனசு மாறினால் பையன் கையில் காட்ட ஒரு காகிதம் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போகிறவன் கடன்பட்டவன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவனோ ஒரு கட்சிக்காரன், பாக்கியைக் கேட்கலாம்.

காகிதம் என்றாலே நமக்கு ஓர் இளக்காரம். ரிஜிஸ்தர், படிவம், ஆய்வு அதிகாரி எல்லாம் மனித உறவைக் கொல்பவை என்று எழுதிப் பழகிவிட்டோம். 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் குண்டலப்புலியூரில் நடந்தது இந்தப் பழக்கத்தை உலுக்க வேண்டும். மனநலம் குன்றியவர்களும் ஆதரவற்றவர்களும் தங்கியிருந்த ஓர் ஆசிரமம் அது. அங்கே சேர்த்த ஒருவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போன பிறகே அதிகாரிகள் உள்ளே போனார்கள். உரிய அனுமதியில்லாமல் நடந்துவந்த இடம் என்று தெரிந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அங்கிருந்து வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள், துன்புறுத்தல் புகார்கள் எழுந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை. நமக்கு வேண்டிய செய்தி வேறு. ஒருவரைத் தேடி வெளியே ஓர் ஆள் இருந்ததால்தான் அவரைக் காணோம் என்பதே தெரிந்தது. தேட ஆளில்லாதவர் காணாமல் போவதில்லை; அவர் இருந்ததாகவே பதிவில்லை. தினம் இரவு ஆட்களை எண்ணிப் பெயரெழுதுகிற அலுப்பான காரியம், வீடற்றவன் விஷயத்தில், அன்பின் குறைந்தபட்ச வடிவம்.

ஆனால் எழுதி வைத்தது யாருக்குச் சொந்தம்? இதற்கு டிக்கன்ஸிடம் ஒரு பதில் இருக்கிறது, நாவல்களில் அல்ல. ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் என்ற சீமாட்டியின் பணத்தில் 1847ல் லண்டனில் அவர் ஒரு இல்லத்தை ஏற்படுத்தி வருஷக்கணக்கில் நடத்தினார். சிறையிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்த இளம் பெண்களுக்குப் படிப்பும் வீட்டு வேலையும் கற்பித்துக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பும் இல்லம். ஒவ்வொருத்தியின் கதையையும் அவள் வாயாலேயே சொல்லக் கேட்டு ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பிறகு அந்தக் கதையை மேற்பார்வை செய்கிற பெண்களுக்குக்கூடச் சொல்வதில்லை என்று விதி வைத்தார். அந்தப் புத்தகம் இன்று கிடைக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு நஷ்டம், அந்தப் பெண்களுக்கு அது நஷ்டமாயிருக்காது. அன்றைய இங்கிலாந்தில் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட எழுத்தாளரின் கையில் அத்தனை கதைகள் இருந்தன. அவர் அவற்றுக்குக் காவல் இருந்தார்.

நம்மில் எத்தனை பேரால் இது முடியும்? தெருவில் தூங்குகிற பையன் நம் கவிதைகளில் தாராளமாக வந்து போகிறான். அவனிடம் நாம் கதை வாங்குகிறோம், கணக்குக் கொடுப்பதில்லை. நன்கொடைப் புத்தகத்தின் அட்டையில் அவன் படத்தைப் போட்டு முன்பு இப்படி, இப்போது இப்படி என்று காட்டுகிற ஸ்தாபனத்துக்கும் நமக்கும் தூரம் அதிகமில்லை. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. பதினெட்டு வயதானதும் அந்த மறைப்பும் அநேகமாக நழுவிவிடுகிறது.

பதினெட்டு வயதில்தான் உண்மையான சோதனை. முந்தின நாள் வரை குழந்தை. மறுநாள் பெட்டியோடு வாசலில் நிற்கும் ஆண்பிள்ளை. அதே சட்டம் இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்கு 21 வயது வரை ஆதரவு தர இடமளிக்கிறது. ஆனால் மனசு சட்டத்தைப் போல நீளுவதில்லை. குழந்தை என்ற சொல்லுக்கு இளகுகிற நன்கொடையாளர், மீசை முளைத்தவன் வாடகைக்கு முன்பணம் கேட்டால் பின்வாங்குகிறார். அவன் வேலையை விட்டுவிட்டால், குடித்தால், இல்லத்தைத் திட்டினால் நன்றி கெட்டவன் என்கிறோம். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இதையெல்லாம் செய்து, மறுபடி வீட்டுக்கே வந்து சாப்பிடுகிறார்கள். அங்கே அதற்கு நன்றிகேடு என்று பெயர் வைப்பதில்லை, வாலிபம் என்கிறோம்.

ஆகவே ஓர் இல்லத்தை மதிப்பிட எனக்கு மூன்று கேள்விகள் போதும். இரவில் எண்ணிக்கை எடுக்கிறார்களா? தன்னைப் பற்றி எழுதியதைப் பையன் வாங்கிப் படிக்க முடியுமா? கோபித்துக்கொண்டு போனவன் விளக்கம் சொல்லாமல் திரும்பி வரலாமா? சுவரில் தொங்குவது சிலுவையா, வள்ளலார் படமா, ஒன்றுமில்லையா என்பது இதற்குப் பிறகு வருகிற விஷயம். மேலே ஆன செலவைத் தருவதாகச் சொல்லிப் போன சமாரியன் திரும்பி வந்தானா என்று நமக்குத் தெரியாது. அதுவரை சத்திரக்காரன் கணக்கை ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்க வேண்டும், படுத்திருப்பவன் எட்டிப் பார்த்தால் தெரிகிற இடத்தில்.