இரும்பின் சாட்சியம்

பழம்பொருளொன்றில் செய்யும் மாற்றம் எப்போது பொய்யாகிறது? தேய்ந்ததைச் செப்பனிடுவதும் குற்றமா? பொருளைத் தொடாமல் அதன் கதையை மட்டும் பெருக்கினால் அது என்ன? துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியை வைத்து இவ்வினாக்களை ஆராயலாம். பயனெட் என்றும் துப்பாக்கிச் சனியன் என்றும் வழங்கும் அக்கத்தியை இன்று சேகரிப்போர் விலை கொடுத்துத் தேடுகின்றனர். விலை ஏறும் இடத்திற்குப் போலியும் வந்து சேர்வது உலக இயல்பு.

ஆண்டிமடம் பகுதியின் முந்திரித் தோப்புகளுக்கு இடையே ஒரு வீட்டில் அத்தகைய கத்தியொன்று தலைமுறைகளாக இருந்து வருவதாக வைத்துக்கொள்வோம். "ஹைதர் அலியின் படையில் எங்கள் முன்னோர் ஏந்தியது" என்று வீட்டார் நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்கு இடமில்லாமலும் இல்லை. கிழக்கே கடற்கரையிலுள்ள பரங்கிப்பேட்டையில்தான் 1781 ஜூலை 1ஆம் நாள் ஹைதர் அலியின் படையும் அயர் கூட் தலைமையிலான கும்பினிப் படையும் மோதின.

ஆனால் கத்தி வேறு சொல்கிறது. அதற்கு மரப்பிடி இருக்கிறது. அலகு 17 அங்குல நீளம். அலகின் அடியில் ஒரு கிரீடமும், அதன்கீழ் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் எழுத்துகளும், 1907 என்னும் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன. ஹைதர் காலத்துப் படைகளில் பெருவழக்காயிருந்த பயனெட்டுக்குப் பிடி கிடையாது. துப்பாக்கிக் குழாயின் வாயில் மாட்டும் குழலும் முப்பட்டை அலகுமே அதன் உறுப்புகள். நம் கையிலிருப்பதோ லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டது. 1907 என்பது மாதிரியின் ஆண்டு. செய்த மாதமும் ஆண்டும் தனியே பொறிக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தில் வில்கின்சன், சாண்டர்சன் முதலிய நிறுவனங்களும், வங்காளத்தில் ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையும் இவ்வகையைச் செய்தன.

இவ்வகைக் கத்தியின் கைக்காப்பில் முதலில் ஒரு கொக்கி இருந்தது. 1913இல் அது வேண்டாமென முடிவாயிற்று. ஏற்கனவே படையிலிருந்த கத்திகள் பலவற்றிலும் கொக்கியை அராவி நீக்கினர். 1916 முதல் பிடியின் முனையில் அழுக்கு நீங்க ஒரு துளை இட்டனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் 12 அங்குல அலகே போதுமென்று பழைய நீண்ட அலகுகள் பலவற்றைக் குறுக்கினர். இவை யாவும் மாற்றங்களே. எனினும் ஒன்றும் பொய்யன்று. அவை அக்கத்தி வாழ்ந்த வாழ்வின் தழும்புகள்.

கொக்கியுள்ளவை அரிதாகிவிட்டதால் அவற்றிற்கு விலை மிகுதி. எனவே படை அராவி எடுத்த கொக்கியைப் போலி வணிகன் மீண்டும் பற்றவைக்கிறான். பற்றவைத்த இடத்தில் இரும்பின் நிறம் வேறுபடும். புதிய அரத்தின் கீறல் தெரியும். புதிதாக முத்திரை குத்துவோரும் உண்டு. அங்கே பார்க்க வேண்டியது ஒன்று: துரு முத்திரைக்குள் படிந்திருக்கிறதா, அன்றி முத்திரை துருவின்மேல் விழுந்திருக்கிறதா?

படைக்கலக் கொல்லனும் அரத்தை எடுத்தான். போலி வணிகனும் அரத்தை எடுத்தான். கருவி ஒன்று, இரும்பும் ஒன்று, நிய்யத்து வேறு. முன்னவன் பயன் கருதினான். நடவாததை நடந்ததாகப் பிறர் நம்ப வேண்டுமென்று பின்னவன் கருதினான். மாற்றம் பொய்யாவது இந்த இடத்தில்தான்.

அவ்வாறாயின் நம் வீட்டாரின் கதை என்ன? அறியாமல் நம்பியவரை மோசடிக்காரர் என்று சொல்வதற்கில்லை. அறிந்த பின்னும் அக்கதையைச் சொல்லி விற்பாராயின், அவர் நாவால் பற்றவைத்த கொக்கியாகும் அது.

அவர்கள் மனம் நோகுமே என்று, உண்மை அறிந்தவர் வாய்மூடி இருக்கலாமா? ஆகாது. ஆனால் இரும்பு சொன்னதற்கு மேல் அவரும் ஒரு சொல் சொல்லலாகாது. கத்தி எக்காலத்தது என்பதை முத்திரை சொல்லும். ஏந்திய கை எது என்பதைச் சொல்லாது. ஹதீஸ் கலை வல்லார், செய்தியை மட்டுமன்றி அது யார் யார் வழியாக வந்தது என்னும் தொடரையும் ஆராய்ந்தது நாம் அறிந்ததே. இங்கும் இரண்டும் வேண்டும். உலகப் போருக்குச் சென்ற முன்னோர் எவரேனும் உண்டா, பழைய கடிதமோ படைச் சான்றிதழோ பெட்டியில் கிடக்கிறதா என்று அவ்வீட்டார் இனித்தான் தேட வேண்டும்.

ஹைதர் அலியின் புகழ் இந்த ஒரு கத்தியை நம்பி நிற்கவில்லை. ஆனால் பெயர் மறந்துபோன ஒரு முன்னோரின் நினைவு இதை மட்டுமே நம்பி நிற்கலாம். பெரியவர் ஒருவரின் பெயரை அதன்மேல் ஏற்றும்போது நாம் இழப்பது, நம் சொந்தப் பாட்டனாரையேயன்றோ?