ஊன்றிய பாதம்

சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலை, ஆலம்பரைப் பக்கத்திலிருந்து கடற்காற்று உப்பு வாசனையோடு வீசிக்கொண்டிருந்த வேளையில், கடப்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, 1936-ஆம் ஆண்டு ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட 'ஸ்விங் டைம்' என்னும் படத்தின் கடைசி நடனத்தை, எத்தனையாவது முறை என்று எனக்கே கணக்குத் தெரியாதபடி, பேத்தியின் கைப்பேசியில் மீண்டும் பார்த்து முடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி, "தாத்தா, இதையே எத்தனை தடவை பார்ப்பீங்க? அவங்க ரெண்டு பேரும் எப்பவோ செத்துப் போயிட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது உண்மை. அந்த நடனத்தை ஆடிய பிரெட் ஆஸ்டேர் 1987-இலும், ஜிஞ்சர் ரோஜர்ஸ் 1995-இலும் காலமானார்கள். நான் அவளுக்கு ஏதோ ஒரு சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேனாயினும், அன்றிரவு அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. மறைந்துபோன இருவர் மறைந்துபோன ஒரு காலத்தில் ஆடிய ஆட்டத்தை நினைத்து, எழுபதைக் கடந்த ஒருவன் மனம் உருகுவது, நம் பெரியோர் விடச் சொன்ன பற்றுக்களில் ஒன்றா, அன்றி அவர்கள் வளர்க்கச் சொன்ன அன்பின் ஒரு சாயலா என்பதை நான் அதுகாறும் நேர்நின்று விசாரித்ததே இல்லை.

நான் கல்லூரி மாணவனாகச் சென்னையில் இருந்த நாளில், பழைய ஆங்கிலப் படங்களைக் காலைக் காட்சியாகப் போடும் மவுண்ட் ரோட்டுக் கொட்டகை ஒன்றில் அதை முதன்முதலாகப் பார்த்தேன். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய அந்தப் படத்தின் கதை நினைவில் நிற்கத்தக்கதன்று. ஆனால் அந்த நடனம் வேறு. பிரிந்து போவதென்று நிச்சயமாகிவிட்ட ஆணும் பெண்ணும், விருந்தினர் யாவரும் சென்றுவிட்ட ஒரு பெரிய மண்டபத்தில், கண்ணாடிபோல் மினுக்கிய கரிய தரையின்மீது, முதலில் ஆடுவதாகவே தோன்றாமல் வெறுமனே நடக்கிறார்கள். அந்த நடை எந்தக் கணத்தில் தாளத்துக்குள் புகுந்தது, எந்தக் கணத்தில் ஆட்டமாயிற்று என்று இன்றளவும் என்னால் சுட்டிக் காட்ட முடியவில்லை. விடியற்காலை வெளிச்சம் வருவதைப்போல அது வந்துவிடுகிறது. பிறகு, மண்டபத்தின் இரு புறமும் வளைந்தேறும் மாடிப்படிகளில் ஆளுக்கொரு பக்கமாக ஏறி, மேல்தளத்தில் மறுபடியும் ஒன்று சேர்ந்து, காற்றில் அகப்பட்ட சருகுபோல் சுழன்று சுழன்று, அந்தச் சுழற்சி ஓயுமுன்பே அவள் வெளியேறிப் போய்விட, அவன் தனியே நிற்கிறான். வசனம் ஒன்றும் இல்லை. கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது மவுண்ட் ரோட்டின் வெயிலும் இரைச்சலும் எனக்கு ஏதோ அந்நிய தேசம்போல் பட்டன.

ஆடவரும் பெண்டிரும் கைகோத்து அணைந்து ஆடுவது நம் மரபுக்கு ஒவ்வாதது என்று என் தமையனார் கடிந்துகொண்டதுண்டு. அதை இங்கே வாதிக்க நான் விரும்பவில்லை. அந்த ஆட்டத்தில் நான் கண்டது சிருங்காரத்தைவிட வேறொன்று: இருவருள் எவரும் தம்மை முன்னிறுத்திக்கொள்ளாத ஒரு விநயம்.

இனி விசாரத்துக்கு வருவோம். சாங்கிய தரிசனத்தில் நடனமாடும் பெண்ணைப் பற்றிய ஓர் உவமை உண்டு. ஈசுவரகிருஷ்ணர் தமது காரிகையில், அரங்கத்தினர்க்குத் தன் ஆட்டத்தைக் காட்டி முடித்த நர்த்தகி எவ்வாறு ஆடலை நிறுத்தி விலகிவிடுகிறாளோ, அவ்வாறே பிரகிருதியும் புருஷனுக்குத் தன்னைக் காட்டியபின் ஒதுங்கிவிடுகிறாள் என்கிறார். அவளைவிட நாணமுடையவள் ஒருவரும் இல்லை, பார்க்கப்பட்டுவிட்டோம் என்று அறிந்த பிறகு அவள் மறுபடியும் அவன் கண்ணெதிரே வருவதில்லை என்றும் சொல்கிறார். அந்த விலகலே அங்கே விடுதலை. ஆனால் திரைப்படத்து நர்த்தகி விலகுவதே இல்லையே! கூப்பிட்ட போதெல்லாம் வருகிறாள். எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் அதே இளமையோடு அதே படிகளில் ஏறுகிறாள். அப்படியானால் இந்த யந்திரம் நம்மை என்றென்றைக்கும் கட்டிப்போடும் ஒரு தளையல்லவா என்று சாங்கியர் கேட்டால், அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

பௌத்தரிடம் போனால் விடை எளிதாகக் கிடைத்துவிடும். காஞ்சியோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் திக்நாகர் வழியில் வந்த ஆசாரியர்கள், பொருள்கள் யாவும் கணந்தோறும் தோன்றி அழிகின்றன, தொடர்ச்சி என்பது நம் மனம் கற்பிப்பது என்று நிலைநாட்டினார்கள். படச்சுருளைக் கண்டிருந்தால் அவர்கள் வேறு திருஷ்டாந்தம் தேடியிருக்க மாட்டார்கள். விநாடிக்கு 24 அசையாப் படங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இருள். எந்தப் படத்திலும் யாரும் ஆடவில்லை. எனவே, இல்லாத ஆட்டத்துக்காக ஏங்குகிறாய், இது மயக்கம், விட்டுவிடு என்று அவர்கள் சொல்வார்கள். தர்க்கத்தில் குற்றம் காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த 24 படங்களுக்கும் அப்பால் நிஜமாக நடந்த ஒன்று உண்டு. அதை அறிந்தது முதல் என் எண்ணம் வேறு வழியில் திரும்பிவிட்டது.

மேல்தளத்தில் சுழன்று முடியும் அந்தக் கடைசிப் பகுதியை எடுப்பதற்கு 47 தடவை ஆட வேண்டியிருந்தது என்று அப்படத்தின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இரவு நெடுநேரம் வரையில் அது நீண்டது. ஜிஞ்சர் ரோஜர்ஸின் காலில் தோல் கிழிந்து, அணிந்திருந்த குதியுயர்ந்த காலணி இரத்தத்தில் நனைந்துபோயிற்று. அவள் நிறுத்தவில்லை. ஆஸ்டேர் தம் நடனங்களுக்கு ஒரு நியதி வைத்திருந்தார்: தலைமுதல் பாதம்வரை ஆடுபவரின் முழு உருவமும் எப்போதும் சட்டத்துக்குள் தெரிய வேண்டும், கூடுமானவரை வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். ஆகையால் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் முதலிலிருந்து ஆட வேண்டியதுதான். முகத்தை மட்டும் காட்டிக் காலை மறைத்துவிடும் வசதி அங்கே இல்லை. இதையெல்லாம் அறிந்தபின் மறுபடியும் அந்தக் காட்சியைப் பார்த்தேன். வேதனையின் ஒரு ரேகையாவது அந்த முகத்தில் தெரிகிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். தெரியவில்லை. அவள் அதை மறைத்துவிட்டிருந்தாள்.

மறைத்தல் என்ற சொல் மனத்தில் எழுந்ததும், இளமையில் என் தகப்பனார் பாடம் சொன்ன 'உண்மை விளக்கம்' நினைவுக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவதிகை மனவாசகம் கடந்தார் அருளிய அச்சாத்திரம், கூத்தப்பெருமான் திருமேனியில் ஐந்தொழிலையும் இடம் காட்டி வைக்கிறது. துடியில் படைப்பு, அமைத்த கரத்தில் காப்பு, அனலில் அழிப்பு, தூக்கிய திருவடியில் முத்தி. முயலகன்மீது ஊன்றிய திருவடியில் மறைப்பு. தில்லைக்குப் போகிறவர்கள் கண்ணெல்லாம் தூக்கிய திருவடியிலேதான் பதிகின்றன. குஞ்சித பாதம் என்று கொண்டாடுவதும் அதனையே. ஆனால் ஊன்றிய பாதம் இல்லையேல் தூக்கிய பாதம் ஏது? முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு, தான் தாங்குவதைச் சொல்லாமல் நிற்பது அது. மறைப்பைச் சித்தாந்திகள் தண்டனையாகக் கொள்ளவில்லை என்பதை இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பக்குவப்படாத ஆன்மா உலகத்தைச் சுவைத்து முதிரும்பொருட்டு இறைவன் தன்னை ஒளித்துக்கொள்வதும் அருளின்பாற்பட்டதே என்பது அவர்கள் துணிபு.

நடனக்காரர் தம் வலியை ஒளித்துக்கொண்டு நமக்குச் சுவையைத் தருவதும் அந்த இனத்தைச் சேர்ந்தது என்று நான் துணிந்து சொல்லுவேன். இளமையில் நாம் அறியாமல் சுவைக்கிறோம். அது நமக்கென வைத்த கருணை. முதிர்ந்த பின்னும் மறைக்கப்பட்டதைக் காணாமலிருந்தால் மட்டுமே அது குற்றமாகிறது. இப்போது சாங்கியருக்கும் விடை கிடைத்துவிடுகிறது. நர்த்தகி விலகாமல் திரும்பத் திரும்ப வருகிறாளென்றால் அவளை நாம் இன்னும் முழுதும் பார்க்கவில்லை என்பதே காரணம். அந்தப் பழைய ஆட்டத்தை நினைத்து ஏங்கியபோதெல்லாம் நான் ஏங்கியது பெரும்பாலும் என் இருபது வயதுக்காக, அந்தக் காலைக் காட்சிக்காக, உடன் வந்து இன்று இல்லாமற்போன நண்பர்களுக்காக. அது பற்று, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காலணியின் இரத்தத்தை அறிந்து பார்த்த முறை, என் இருபது வயது அங்கே இல்லை. அவள் மட்டுமே இருந்தாள்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்தாபனம் சுமார் 30 லட்சம் ரூபாய் செலவில் தயாரித்து 1948 ஏப்ரலில் வெளியிட்ட 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை அறியாத தமிழர் என் தலைமுறையில் இல்லை. ஹாலிவுட்டின் பிரம்மாண்ட ஆடல்களுக்கு ஈடாக நம்மாலும் செய்ய முடியும் என்று காட்டிய காட்சி அது. அரண்மனை முற்றத்தில் வரிசை வரிசையாக வந்து நின்ற ராட்சத முரசுகளின் தலைமீது டி. ஆர். ராஜகுமாரியும் தோழியரும் ஆடினார்கள்; சுமார் 400 நடனக்காரர்கள் மாதக்கணக்கில் தினந்தோறும் ஒத்திகை பார்த்தார்கள் என்பர். ஆட்டம் உச்சத்தை எட்டியபின், முரசுகளைப் பிளந்துகொண்டு, அவ்வளவு நேரமும் உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே பாய்கிறார்கள். சிறுவனாக அதைப் பார்த்தபோது அந்தப் பாய்ச்சலுக்குத்தான் கைதட்டினேன். இன்று பார்க்கும்போதோ, காலடிகள் இடியாக விழும் ஒரு தோலுக்குக் கீழே, இருளில், மூச்சடக்கிக் குந்தியிருப்பவர்கள்மீது என் மனம் செல்கிறது. அந்த 400 பேரில் நமக்குத் தெரிந்த பெயர்கள் எத்தனை? ராஜகுமாரி என்ற ஒரு பெயரோடு நம் நினைவு நின்றுவிடுகிறது.

இவற்றையெல்லாம் அமெரிக்கத் திரைப்படத்திலும் சென்னை ஸ்டூடியோவிலும் தேடிக் கண்டுபிடித்ததாக நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, நான் பிறந்த மண்ணே எனக்கு முன் அதைச் சொல்லிவைத்திருப்பது தெரியவந்தது. கடப்பாக்கத்தைத் தன்னுள் அடக்கிய இப்பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற வழி காட்டும் அப்பாட்டின் முற்பகுதியிலே, கரடுமுரடான வழியில் நடந்து களைத்த விறலியர் நிழலில் இளைப்பாறுகிறார்கள். உடன் வந்த இளைஞர்கள் அவர்களுடைய மெல்லிய சிறிய பாதங்களை மெதுவாகப் பிடித்துவிடுகிறார்கள். விறலியர் என்போர் ஆடுமகளிர் என்பதை நினைவில் வையுங்கள். அவர்கள் அரசவையில் ஆடிய ஆட்டத்துக்கு முன்பே, அவர்களுடைய நோகும் கால்களைக் கவிஞர் கண்டுவிட்டார்! எந்த ஆட்டத்தையும் முழுமையாகப் பார்ப்பதற்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார்.

காரைக்கால் அம்மையாரும் அறிந்திருந்தார். கயிலையில் இறைவன் என்ன வேண்டும் என்று கேட்டபோது, பிறவாமை வேண்டும், பிறந்தால் மறவாமை வேண்டும் என்று வேண்டிய அம்மையார், இறுதியாகக் கேட்டது நீ ஆடும்போது உன் அடியின்கீழ் இருக்க வேண்டும் என்பதே. முகம் தெரியும் இடத்தையோ அவையின் முன்வரிசையையோ கேட்கவில்லை. இன்றும் நடராஜத் திருவுருவங்கள் பலவற்றில், எலும்பும் தோலுமாய், கையில் தாளத்தோடு, கீழே அமர்ந்திருக்கும் அந்த உருவத்தைக் காணலாம்; பாரம் இறங்கும் இடம் அது. அவர் கேட்ட மறவாமையும் என் பழைய ஏக்கமும் ஒன்றென்று சொல்லும் துணிவு எனக்கில்லை. எனினும் இரண்டும் ஒரே திசையில் உள்ளவை என்றும், ஏக்கத்திலிருந்து மறவாமைக்குப் போகும் வழி ஊன்றிய பாதத்தைக் காண்பதன் மூலமே செல்கிறது என்றும் நம்புகிறேன்.

மறுநாள் விடியற்காலையில் பேத்தியைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் கயிறு இடுப்பில் அழுந்த, குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னே சாய்த்து, ஒருவர்பின் ஒருவராக, ஒரே சீரில் அடியெடுத்துப் பின்னோக்கி வந்துகொண்டிருந்தவர்களைக் காட்டி, "அவங்க காலைப் பாரும்மா" என்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பியதும் அவளாகவே கைப்பேசியை எடுத்து, "தாத்தா, அந்தப் படத்தை இன்னொரு தடவை போடவா? நேத்து நான் அந்த அம்மா காலைப் பாக்கவே இல்லை" என்றாள். இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம்.

1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட ஆலம்பரைக் கோட்டையைக் காண இப்பக்கம் பலர் வருகிறார்கள். வரும் அன்பர்கள் சிறுபாணாற்றுப்படையையும் கையோடு கொண்டுவர வேண்டுகிறேன். 269 அடிகள்தாம், கோட்டைச் சுவரின் நிழலில் உட்கார்ந்து ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம்.