வென்றவர் தலைநகரில் நாம் எதை வியக்கிறோம்?

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட இல்லறத்தார், போர் வெற்றியையே பெயராகத் தாங்கிய ஒரு தலைநகரைச் சுற்றிப் பார்க்கச் செல்வது தகுமா? அங்கே வியந்து நிற்பது அந்தப் போருக்கு உடன்பட்டதாகுமா? விடுமுறைச் சுற்றுலா நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்ட இக்காலத்தில் இது வெறும் ஏட்டு வினா அன்று. கங்கைகொண்ட சோழபுரம் சென்றிருந்தபோது, உடன் வந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "இத்தனை பேரைக் கொன்றவர் கட்டியதை நாம் ஏன் பாராட்ட வேண்டும்?" என்று கேட்டாள். கோயிலில் நின்று இப்படிப் பேசலாகாது என்று பெரியவர்கள் அவள் வாயை அடைத்தனர். வினாவில் குற்றமில்லை. அது விடைக்கு உரியது.

நாம் வாழும் குத்தாலத்திலிருந்து அந்நகர் தொலைவில் இல்லை. திருப்பனந்தாள் வழியாகச் சென்று, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தால் சிறிது நேரத்தில் விமானம் தெரியும். தந்தை இராசராசன் எடுத்த தஞ்சைப் பெருங்கோயிலைவிட உயரத்தில் சற்றுக் குறைந்தது; அதன் நேர்க்கோடுகளுக்கு மாறாக நெளிந்து மேலேறுவது. 2004ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. முதலாம் இராசேந்திரனின் படை கங்கைக் கரை வரை சென்று பாலர் மன்னன் மகிபாலனை வென்று திரும்பியதன் நினைவாக, 1025ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த நகரம் இது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக விளங்கிற்று. தோற்ற மன்னர்கள் கங்கை நீரைச் சுமந்து வந்தனர் என்றும், அரசன் வெட்டிய சோழகங்கம் என்னும் ஏரி நீரால் ஆன வெற்றித்தூண் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. பொன்னேரி என்று மக்கள் அழைப்பது அந்த ஏரியைத்தான்.

இவ்விடத்தில் நம் அறநூல் சொல்வதை நினைத்துப் பார்க்க வேண்டும். தீவினை மூன்று வகையால் நிகழும்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு மனம் உவந்து உடன்படுதல். கிருதம், காரிதம், அனுமோதனை என்பர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் இம்மூன்றையும், எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்னும் மூன்றோடும், மன வசன காயங்களோடும், நான்கு கஷாயங்களோடும் பெருக்கி 108 வாயில்களைக் காட்டுகிறது. (செபமாலையின் மணிகள் ஏன் 108 என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம், மூன்று, மூன்று, மூன்று, நான்கு. தாமே பெருக்கிப் பார்க்கட்டும்.) ஆகவே ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் செய்த கொலை நம் வினையாகாது; வினை அவரவர் பாவத்தால் கட்டுப்படுவது. ஆயின் அக்கொலையைக் கேட்டு இன்று நாம் கொள்ளும் களிப்பு இன்றைய நம் வினையே. காலம் கடந்துவிட்டது என்பதால் அனுமோதனைக்கு விலக்கு இல்லை.

அரசர்க்குப் போர் கடமையன்றோ என்பர் சிலர். நாட்டைக் காக்க எதிர்த்து நிற்கையில் நேரும் விரோதி இம்சையை இல்லறத்தார்க்கு நம் நூல்கள் முற்றும் விலக்கவில்லை. விலக்கியது கருதிச் செய்யும் சங்கல்பி இம்சையை. காவிரிக் கரையிலிருந்து கங்கைக்கரைக்கும், கடல் கடந்து கடாரத்துக்கும் படை அனுப்பியதைத் தற்காப்பு என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. இராசேந்திரனின் மகன் இராசாதிராசன், சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்து, அங்கிருந்து ஒரு வாயிற்காவலர் சிலையைக் கொண்டுவந்தான். அச்செய்தியை அச்சிலையின் கீழேயே பொறித்தும் வைத்தான். தாராசுரத்திலிருந்த அச்சிலை தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளது. சிற்பம் மிக அழகியது. எரிந்த ஊரில் இருந்தோர் என்ன ஆயினர் என்று அந்தக் கல் சொல்லவில்லை.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு திரும்பிவிடுவதா? அது நம் கருத்தன்று. சண்டேசுவரர் தலையில் இறைவன் மாலை சூட்டும் சிற்பத்தைக் கண்டு மனம் நெகிழ்கையில், உடன்படுவது உளியின் பொறுமைக்கு, வாளுக்கு அன்று. ஏரி நீரால் விளைந்த நெல்லை உண்ட உழவன் படையெடுப்புக்கு உடன்பட்டவன் ஆகான். 1836இல் கீழணை கட்டியபோது இக்கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர். அந்த அணையின் நீரில் பயிரிடுவோர் அனைவரும் கோயிலை இடித்தவர் ஆவரா? பயன் கொள்வது வேறு, உவந்து ஏற்பது வேறு. வழிகாட்டுவோர் "கங்கை கொண்டான், கடாரம் கொண்டான்" என்று அடுக்குகையில் பிள்ளைகள் கை தட்டுகிறார்களே, அந்தக் கைதட்டலைத்தான் நாம் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பாடநூல்களும் பட்டங்களை மனப்பாடம் செய்யச் சொல்கின்றனவே தவிர, தோற்றவர் ஊர்களைப் பற்றி ஒரு வரி சேர்ப்பது அரிது. சோழர் என்றால் போர் மட்டுமா? எங்கள் குத்தாலத்துக் கோயிலைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியாரின் பெயரைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரியாது.

கோயிலுக்கு அருகே மாளிகைமேடு இருக்கிறது. 1980களிலும், மீண்டும் 2021 முதற்கொண்டும் தொல்லியல் துறையினர் அகழ்ந்த இடம். செங்கற் சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பானை ஓடுகள். உலகை வென்றவரின் அரண்மனையில் எஞ்சியவை இவை. ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்தோர்க்கு இங்கே பரத சக்கரவர்த்தி நினைவுக்கு வருவார். ஆறு கண்டங்களையும் வென்று விருஷபகிரியில் தம் பெயரைப் பொறிக்கச் சென்றவர், முந்தைய சக்கரவர்த்திகளின் பெயர்களால் மலை நிறைந்திருக்கக் கண்டு, ஒருவர் பெயரை அழித்தே தம் பெயரை எழுத வேண்டியதாயிற்று.

இதுவரை சொன்னதை நமக்கு வெளியே உள்ள ஒன்றாக எண்ணிவிடலாகாது. போளூரை அடுத்த திருமலையில் குந்தவைப் பிராட்டியார் பெயரால் அமைந்த ஜினாலயத்தை நாம் பெருமையோடு குறிப்பிடுகிறோம். இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பை விரித்துரைக்கும் மெய்க்கீர்த்தி அந்தத் திருமலைப் பாறையில்தான் இருக்கிறது. கொல்லாமை போதித்த அருகன் மலையில், வென்ற நாடுகளின் பட்டியல்! கலிங்கப் போரைப் பரணியாகப் பாடிய செயங்கொண்டாரும் நம் தீபங்குடியினர் என்பது மரபு. அவர் சமணரா என்பதில் அறிஞர் கருத்து வேறுபட்டாலும், அந்த ஊர்ப் பெருமையைச் சொல்கையில் நாம் தயங்குவதில்லை.

திருமலைக் கல்வெட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் மெய்க்கீர்த்தி என்பது, இக்காலத்தில் முத்திரைத்தாளின் தலைப்பு போன்றது. கொடை ஆவணங்கள் பல அதைக் கொண்டே தொடங்கின. அதன் கீழ் எழுதப்பட்ட கொடையில் மாசு இருந்ததாக நாம் கருதவில்லை. ஆயினும் நம் மலர்களிலும் மேடைகளிலும் இக்கல்வெட்டை எடுத்துரைப்போர், மாமன்னன் வெற்றியே நம் மலையில்தான் பொறிக்கப்பட்டுள்ளது என்று முழங்கிவிட்டு அத்துடன் நிறுத்திவிடுகின்றனர். அந்த முழக்கத்தில் அனுமோதனை எத்தனை பங்கு என்று அவரவர் நெஞ்சே அறியும். திருமலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் நாடுகளின் பெயர்கள் முடிந்த பின்னும் மேலே படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாணப்பாடியில் வாழ்ந்த வணிகர் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் ஒரு விளக்கெரியவும் திருவமுதுக்கும் காசு கொடுத்த செய்தி அங்கேதான் இருக்கிறது.