ஈடேற்றம் யாருக்கு?

மறுமையில் ஈடேற்றம் பெறுவோர் யாவர் என்னும் வினா முஸ்லிம்களாகிய நமக்குப் புதியதன்று. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலிருந்தே நம் முன்னோர் இதனைப் பற்றி வாதித்தும் ஆராய்ந்தும் வந்துள்ளனர். ஆனால் நாம் வாழும் இந்த மண்ணில் இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா முஸ்லிம்கள் 1826இல் தோற்றுவித்த ஜாமிஆப் பள்ளிவாசலும், 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலும் ஒன்றுக்கொன்று அண்மையில் நிற்கின்றன. அடுக்குமாடி வீடுகளில் சீனரும் இந்துவும் கிறிஸ்தவரும் நாமும் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்கிறோம். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் இறந்துவிட்டால், அவர் நல்லவராயிற்றே, எங்கே போவார் என்று நம் வீட்டுப் பிள்ளை கேட்கிறது. இஸ்லாத்தைத் தழுவிய நம் சகோதர சகோதரிகளோ, தழுவாமலேயே மறைந்த தம் பெற்றோரை எண்ணி இதே கேள்வியைக் கலங்கிய கண்களோடு கேட்கின்றனர்.

இதற்கு நம்மிடையே இருவகை விடைகள் உடனடியாகக் கிடைக்கின்றன. காபிர் நரகத்திற்குத்தான் போவான், இதில் பேச்சென்ன என்பது ஒன்று. எல்லா மதமும் ஒன்றுதான், நல்லவனாக இருந்தால் போதும் என்பது மற்றொன்று. முன்னது அல்லாஹ்வுக்கே உரிய தீர்ப்பை மனிதன் தன் கையில் எடுத்துக்கொள்வதாகும். பின்னதோ, நபிமார்கள் அனுப்பப்பட்டதையே வீணாக்குவதாகும். இரண்டும் அவசர விடைகள். திருமறையும் ஹதீதுகளும் நம் இமாம்களும் நமக்குக் காட்டும் வழி வேறு.

முதலில், மறைக்காமல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். இஸ்லாம் அல்லாத மார்க்கத்தை நாடுபவனிடமிருந்து அது ஏற்கப்படாது என்னும் கருத்து ஆல இம்ரான் அத்தியாயத்தில் (3:85) தெளிவாக உள்ளது. இணை வைத்தலை அல்லாஹ் மன்னிக்கமாட்டான் என்று அன்னிஸா அத்தியாயம் (4:48) எச்சரிக்கிறது. யூதரோ கிறிஸ்தவரோ தம்மைப் பற்றிக் கேள்வியுற்றும், தாம் கொண்டுவந்ததை நம்பாமல் இறப்பாராயின் நரகவாசியாவார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை முஸ்லிம் கிரந்தம் பதிவு செய்துள்ளது. இவற்றை இல்லையென்று சொல்பவர் நம் மார்க்கத்தைப் பேசுகிறவர் ஆகார்.

ஆனால் அதே திருமறையில் வேறு வசனங்களும் உள்ளன. தூதரை அனுப்பாதவரை எவரையும் வேதனை செய்வதில்லை என்று அல்லாஹ் கூறுகிறான் (17:15). தன் கருணை எல்லாப் பொருள்களையும் சூழ்ந்தது என்கிறான் (7:156). அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பி நற்செயல் புரிந்த யூதர், கிறிஸ்தவர், ஸாபியீன்கள் ஆகியோருக்கும் நற்கூலி உண்டு, அவர்களுக்கு அச்சமில்லை என்று அல்பகரா அத்தியாயம் (2:62) அறிவிக்கிறது. இவ்வசனம் நம் நாயகத்தின் வருகைக்கு முன் தத்தம் நபியைப் பின்பற்றி வாழ்ந்தோரைக் குறிப்பது என்பது விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் கொண்ட கருத்து. அதனை இன்னும் விரித்துப் பொருள் கொண்டோரும் பிற்காலத்தில் உண்டு.

அப்படியானால் தூதுச் செய்தி எட்டாதவர்களின் நிலை என்ன? அஷ்அரீ வழி வந்த ஆலிம்கள், அத்தகையோர் மேற்கண்ட 17:15 வசனத்தின்படி குற்றம் பிடிக்கப்படார் என்றனர். மாத்துரீதி வழியினரில் பலரோ, வானத்தையும் பூமியையும் கண்ட மனிதன் அவற்றைப் படைத்தவன் ஒருவன் உண்டென்பதையாவது தன் அறிவால் உணர வேண்டும், அதற்கு அவன் பொறுப்பாளியே என்றனர். அவர்கள் மறுமையிலேயே சோதிக்கப்படுவர் என்று கூறும் அறிவிப்புகளும் உண்டு. ஷாபிஈகளும் ஹனபிகளும் ஒரே ஸப்பில் நின்று தொழும் நம் சமுதாயத்திற்கு, இக்கருத்து வேறுபாடு அச்சமூட்ட வேண்டிய ஒன்றன்று. இதில் நம் பெரியோர்கள் எவ்வளவு நிதானத்தோடு பேசினார்கள் என்பதற்கு இதுவே சான்று.

இவ்விஷயத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ஆராய்ச்சி நம் தனிக் கவனத்திற்குரியது. 1058இல் தூஸ் நகரில் பிறந்து 1111இல் மறைந்த அப்பெரியார், ‘பைஸலுத் தஃப்ரிகா’ என்னும் நூலில் தம் காலத்து ரோமானியக் கிறிஸ்தவர்களையும், தொலைநாட்டுத் துருக்கியரையும் எண்ணி இக்கேள்வியை எழுப்பினார். அவர்களை மூவகையினராகப் பிரித்தார். நபிகள் நாயகத்தின் பெயரையே கேளாதவர்கள் முதல் வகையினர், அவர்கள் மன்னிக்கப்படத்தக்கவர்கள். நாயகத்தின் பெயரையும் பண்பையும் அவர்கள் கொண்டுவந்த சான்றுகளையும் முஸ்லிம்களோடு கலந்து பழகி அறிந்தும் பிடிவாதமாக மறுத்தவர்கள் மற்றொரு வகையினர், அவர்களே குற்றவாளிகள். இவ்விரு சாராருக்கும் இடையில் மூன்றாம் வகையினர் ஒருவர் உண்டு. பெயரைக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் அது அவர்களிடம் பொய்யாகவும் திரிபாகவும் வந்து சேர்ந்தது. இளமை முதலே ஒரு பொய்யரைப் பற்றிக் கேட்பது போலவே கேட்டு வளர்ந்தவர்கள். உண்மையைத் தேடும் ஆவல் அவர்களுக்கு எப்படி உண்டாகும்? ஆகவே அவர்கள் முதல் வகையினரைச் சேர்ந்தவர்களே என்றார் இமாம் அவர்கள். உண்மையை மெய்யாகவே தேடிக்கொண்டிருக்கும்போதே மரணமடைந்தவரும் மன்னிப்புக்குரியவர் என்றும் கருதினார். சிலுவைப் படையினர் 1099இல் ஜெரூசலத்தைக் கைப்பற்றிய காலத்தில் வாழ்ந்தவர் இப்படி எழுதினார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதைக் கேட்டு நம்மில் சிலர், பிறருக்கு ஒரு வழி திறந்தது என்று மகிழலாம். ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால் இவ்வாராய்ச்சியின் முனை நம் நெஞ்சை நோக்கியே திரும்பியிருப்பது தெரியும். நம் அண்டை வீட்டார் இமாம் அவர்களின் மூவகையில் எவ்வகையினர்? அவர்கள் திருக்குர்ஆனைப் படித்ததில்லை. நாயகத்தின் வரலாற்றை அறிந்ததில்லை. அவர்கள் படித்த ஏடு ஒன்றே ஒன்றுதான்; அது நாம். நம் கடையின் தராசு, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கும் நம் முறை, வேலையாளுக்குக் கூலி கொடுக்கும் நம் கை, மனைவி மக்களிடம் நாம் பேசும் பேச்சு — இவைதாம் அவர்கள் கண்ட இஸ்லாம். அந்த ஏடு பிழையாக எழுதப்பட்டிருந்தால், உண்மை அவர்களை எட்டவில்லை என்று அல்லாஹ் அவர்களை மன்னிக்கக் கூடும். ஆனால் ஏட்டைப் பிழைபட எழுதியவனுக்கு என்ன சமாதானம் இருக்கிறது?

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை, ஓட்டாண்டி யார் என்று தோழர்களிடம் வினவினார்கள். பணமும் பண்டமும் இல்லாதவன் என்றனர் தோழர்கள். பெருமானார் அவர்களோ, கியாமத்து நாளில் தொழுகை, நோன்பு, ஜக்காத்து ஆகியவற்றோடு வந்தும், ஒருவனை ஏசியதாலும், மற்றொருவன் பொருளை உண்டதாலும், வேறொருவனை அடித்ததாலும், தன் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்து, பின்னர் அவர்களின் பாவங்களையும் சுமந்து நரகில் எறியப்படுபவனே ஓட்டாண்டி என்று விளக்கினார்கள். இதுவும் முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள ஹதீதே. கலிமாச் சொன்னோம், இனி அச்சமில்லை என்று இருப்போர் இதனை ஓதிப் பார்க்கட்டும். உங்கள் விருப்பப்படியும் ஆவதில்லை, வேதக்காரர்களின் விருப்பப்படியும் ஆவதில்லை, தீமை செய்தவன் அதற்குரியதைப் பெறுவான் என்னும் கருத்துடைய வசனம் (4:123) நம்மை நோக்கியே இறங்கியிருக்கிறது.

இன்னொரு நிகழ்ச்சியையும் கூறுவோம். முஹாஜிர்களில் சிறந்தவரான உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) மதீனாவில் காலமானபோது, அவருக்கு இல்லமளித்த அன்ஸாரிப் பெண்மணி உம்முல் அலா (ரலி), அல்லாஹ் உம்மைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்று சான்று கூறினார். அல்லாஹ் அவரைக் கண்ணியப்படுத்தினான் என்று உமக்கு எப்படித் தெரியும் என நாயகம் (ஸல்) கேட்டார்கள். அவருக்கு நன்மையையே தாம் எதிர்பார்ப்பதாகவும், ஆயினும் அல்லாஹ்வின் தூதராகிய தமக்கே தம் விஷயத்தில் என்ன நடக்கும் என்பது தெரியாதென்றும் கூறினார்கள் என்று புகாரியில் வருகிறது. வஹீயின் மூலம் நற்செய்தி கூறப்பட்டவர்களைத் தவிர, ஒரு நல்லடியாருக்கே சுவனத்தை நாம் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, பெயர் சொல்லி இன்னார் நரகவாசி என்று கூறும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது? இன்னாரை அல்லாஹ் மன்னிக்கமாட்டான் என்று சத்தியமிட்ட ஒருவனுடைய அமல்களையே அல்லாஹ் அழித்துவிட்டு, அந்த இன்னாரை மன்னித்துவிட்டான் என்னும் ஹதீதும் நமக்கு எச்சரிக்கையாகும்.

தீர்ப்புக் கூறும் இந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் காரிஜியாக்களின் வரலாறே போதும். பாவம் செய்த முஸ்லிமைக் காபிர் என்றனர். முடிவில் அவர்களில் ஒருவன் 661இல் கூபாவில் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களையே வெட்டினான். தொழுகையில் அவர்களுக்குக் குறைவிருந்ததில்லை. அல்லாஹ்வின் தீர்ப்பைத் தம் நாவில் ஏற்றிக்கொண்டதே அவர்கள் செய்த பிழை.

ஆகவே இரு கேள்விகளை நாம் பிரித்தறிய வேண்டும். ஈடேற்றத்தின் வழி எது என்பது ஒரு கேள்வி. அதற்கு விடை நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது, அதில் நமக்கு ஐயமில்லை. இந்த மனிதரின் முடிவு என்ன என்பது மற்றொரு கேள்வி. அதன் விடை நமக்குக் கொடுக்கப்படவில்லை. முன் சென்ற தலைமுறைகளின் நிலை என்னவென்று பிர்அவ்ன் வினவியபோது, அதன் அறிவு தம் இரட்சகனிடம் உள்ளது என்றே நபி மூஸா (அலை) விடையளித்தார்கள் என்று தாஹா அத்தியாயம் (20:51-52) கூறுகிறது. ஒரு நபிக்குப் போதுமாயிருந்த அந்த விடை நமக்குப் போதாதா?

அப்படியாயின் இஸ்லாத்தை எடுத்துரைக்கத் தேவையில்லையா என்று சிலர் கேட்கலாம். தேவை உண்டு, முன்னினும் அதிகமாகவே உண்டு. நோயாளி பிழைப்பானா இறப்பானா என்று அறியாத மருத்துவன் மருந்து கொடுக்காமல் இருப்பதில்லை. அவன் கடமை மருந்து கொடுப்பது. உயிர் அல்லாஹ்வின் கையில். நம் கடமை சொல்லாலும் நடத்தையாலும் உண்மையை எட்டச் செய்வது, ஏற்பதும் மறுப்பதும் அவரவர் பொறுப்பு, தீர்ப்பு அல்லாஹ்வுக்கே.

பெற்றோர் இஸ்லாத்தைத் தழுவாத நிலையில் உள்ள நம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. இணை வைக்குமாறு பெற்றோர் வற்புறுத்தினாலும் அதில் கீழ்ப்படியாதே, ஆனால் இவ்வுலகில் அவர்களோடு நல்ல முறையில் வாழ் என்பது லுக்மான் அத்தியாயத்தின் (31:15) கட்டளை. இணைவைப்பவராக இருந்த தம் தாய் வந்தபோது என்ன செய்வதென்று கேட்ட அஸ்மா (ரலி) அவர்களுக்கு, தாயுடன் உறவைப் பேணுமாறே நாயகம் (ஸல்) கூறினார்கள். அவர்கள் மறைந்த பின்னர் ஜனாஸாத் தொழுகையும் பாவமன்னிப்புக் கோருதலும் நம் சட்டத்தில் இல்லை. அதனை மீற வேண்டியதில்லை. ஆனால் அவர்களின் உள்ளத்தில் கடைசி மூச்சில் என்ன இருந்தது, செய்தி அவர்களை எவ்விதம் எட்டியது என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. அவன் எவருக்கும் அணுவளவும் அநீதி செய்யாதவன் (4:40). தாயைவிடத் தன் அடியார்மீது இரக்கமுள்ளவன். இதற்கு மேலான ஆறுதல் என்ன இருக்கிறது?

அண்டை வீட்டில் சாவு நேர்ந்தால் சென்று துக்கம் விசாரிப்போம். ஒரு யூதரின் பிரேதம் கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) எழுந்து நின்றார்கள். யூதராயிற்றே என்று கூறப்பட்டபோது, அதுவும் ஓர் ஆத்மா அன்றோ என்று வினவினார்கள். நம் பிள்ளை, அவர் எங்கே போவார் என்று கேட்டால், அவர் தம்மைப் படைத்தவனிடம் போயிருக்கிறார், அவன் நீதியும் கருணையும் உடையவன் என்று சொல்வோம். அதோடு நில்லாமல், நாம் எங்கே போவோம் என்பதை எண்ணிப் பார் என்று அதனிடமும் நம்மிடமும் சொல்லிக்கொள்வோம். எவரும் தம் அமலால் மட்டுமே சுவனம் புகார், தாமும் அல்லாஹ்வின் அருள் சூழ்ந்தாலன்றிப் புகமுடியாது என்று நாயகம் (ஸல்) அவர்களே சொல்லியிருக்க, நாம் எம்மாத்திரம்?

வல்ல நாயன் நம் ஈமானைப் பாதுகாத்து, நம் நடத்தையைப் பிறருக்குத் திரையாக்காமல் விளக்காக்கி, தன் அருளால் நம்மை ஈடேற்றுவானாக! ஆமீன்.