கத்ரும் கவலையீனமும்

2022 டிசம்பரில், மாரி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஓர் இரவு, இஷாத் தொழுகைக்குப் பிறகு மூவர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் எங்கள் ஊரெல்லைக்கு அப்பால் வயலோரத்தில் அலுமினியம் உருக்கி வார்க்கும் சிறு பட்டறையொன்றின் முதலாளி. மற்றவர் எங்கள் பகுதி மரைக்காயர். மூன்றாமவர், அந்தப் பட்டறையில் பத்து நாட்களுக்கு முன்னர் காயப்பட்ட இளைஞனின் மாமா. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

"உங்கட எழுத்து வடிவா இருக்கும் சேர். நீங்களே எழுதித் தாங்க" என்றார் மரைக்காயர்.

முப்பது வருடம் கல்முனைப் பக்கத்துப் பாடசாலைகளில் தமிழ் படிப்பித்தவனுக்கு இது பழகிப்போன வேலை. காணி இணக்கம், கல்யாணக் கடிதம், வெளிநாட்டிலிருந்து வராத சம்பளத்துக்கு மனு என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். அன்றும் எழுதினேன். இன்னின்ன திகதியில் இன்னாருடைய பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது இன்னாருக்கு அல்லாஹ்வின் நாட்டப்படி விபத்து நேர்ந்தது. இதில் எவருடைய குறையும் இல்லை. மனிதாபிமான உதவியாக ஒன்றரை இலட்சம் ரூபா பெற்றுக்கொண்டோம். இதன் பின்னர் எவ்விதக் கோரிக்கையும் இல்லை. நல்ல தமிழ். ஒற்றுப்பிழை கூட இல்லை. இளைஞனின் உம்மா மறுநாள் கையொப்பம் வைத்தார். அவன் வைக்கவில்லை, இரு கண்களும் கட்டப்பட்டுக் கட்டிலில் கிடந்தான். பிறகு ஒரு கண் திரும்பியது.

அந்தத் தாளைப் பற்றி மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு தூண், மேலே தகரம், ஒரு பக்கம் மட்டும் சுவர். நிலத்தில் தோண்டி, நெருப்புக் கல் பதித்த உலை. கழிவு ஒயில் எரிகிறது, ப்ளோவர் காற்றை ஊதுகிறது. உலைக்குள் மூசை. வெளியே, கூரையில்லாத இடத்தில், வீடு வீடாகச் சைக்கிளில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் கொண்டுவந்து கொட்டிய குவியல். நசுங்கிய சட்டி, ஓட்டைக் கேத்தல், குளிர்பானக் கான், ஜன்னல் சட்டம், மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடி எல்லாம் அதில் இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருதுக் கடற்கரை மணலில் இப்படித்தான் சட்டிகளும் பானைகளும் புதைந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கி விற்று ஒரு நேரச் சோறு பார்த்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே இந்தத் தொழிலை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. எங்கள் நாட்டில் பொக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்கும் ஆலை இல்லை. வந்ததைத் திரும்ப உருக்குவதுதான் வழி. மண்ணிலிருந்து புதிதாக எடுக்கச் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய 5 சதவீதமே பழையதை உருக்கப் போதும் என்பதும் உண்மை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டபோது, ஊரில் எல்லாத் தொழிலும் படுத்த நேரத்தில் இந்தப் பட்டறைக்கு மட்டும் வேலை கூடியது. புதுச் சட்டி வாங்க யாரிடம் காசிருந்தது?

அந்த இளைஞன் அதற்கு முன்னர் கடலுக்குப் போனவன். அந்த வருடம் மண்ணெண்ணெய் கிடைக்காமல் தோணிகள் கரையில் ஏறியபோது பட்டறைக்கு வந்தான். சாரம், ரீசேட், ரப்பர் செருப்பு. கடலுக்கு அது போதும்.

அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகுகிறது. உருகிய இரும்பு சிவந்து, மஞ்சளாகி, கிட்ட வராதே என்று சொல்லும். அலுமினியம் அப்படிச் சொல்லாது. பகல் வெளிச்சத்தில் மூசைக்குள் அது வெள்ளியாக, குளத்து நீர்போல அமைதியாக இருக்கும். அதற்குள் ஈரம் போனால்தான் வினை. ஒரு கானின் மடிப்பில் தங்கிய மழைநீர், மேலே மிதந்து மெதுவாக உலரும் நீர் அல்ல. உலோகத்தோடு உள்ளே அமிழ்ந்து ஒரு கணத்தில் ஆவியாகி, முன்பிருந்ததைப்போல ஆயிரத்து எழுநூறு மடங்குக்குக் குறையாமல் இடம் கேட்கும். இடம் இல்லையென்றால் மேலிருக்கும் உலோகத்தைத் தூக்கி எறியும். அன்று நடந்தது அதுதான். குவியல் நனைந்திருந்தது, ஓடர் அவசரமாயிருந்தது, அவன் வாளியிலிருந்த கான்களைக் கொட்டினான்.

இதைத் தடுக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. குவியலுக்கு மேல் கூரை, போடுமுன் உலைவிளிம்பில் வைத்துச் சூடாக்கி ஈரம் போக்கும் ஒரு தட்டு, மூடிய பாத்திரங்களை வெட்டித் திறந்து பார்க்கும் பழக்கம், முகத்துக்குக் கவசம், காலுக்குத் தோல் சப்பாத்து, உருகி ஒட்டாத பருத்திச் சட்டை, பக்கத்தில் தண்ணீருக்குப் பதிலாக உலர்ந்த மணல். கூரைத் தகரமும் கவசமும் சேர்ந்தாலும் நான் எழுதிக்கொடுத்த ஒன்றரை இலட்சத்தை எட்டியிருக்குமா என்பது சந்தேகம்.

"கத்ர் சேர், என்ன செய்யிற" என்றார் முதலாளி. அவர் கெட்ட மனிதரல்ல. வைத்தியசாலையில் இரண்டு இரவு அந்தப் பிள்ளையோடு நின்றவர். அவருடைய முன்கையிலும் பழைய தீத்தழும்புகள் உண்டு. அவர் பாசாங்கு செய்யவில்லை, உண்மையாகவே நம்பினார். எனக்கும் கத்ரில் நம்பிக்கை உண்டு, அது ஈமானின் பகுதி. என் பிரச்சினை வேறு. அந்தச் சொல் அந்தக் கடிதத்தில் என்ன வேலை செய்தது?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கும்படி நபியவர்கள் சொன்னதைப் பயானில் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அம்வாஸ் கொள்ளைநோயின்போது நடந்தது. கலீபா உமர் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில் நோய்ச் செய்தி கேட்டு, படையோடு திரும்ப முடிவெடுத்தார். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர் என்று அபூ உபைதா கேட்டார். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறேன் என்ற கருத்தில் உமர் பதில் சொன்னார். வரண்ட கரையில் மேய்த்தாலும் செழித்த கரையில் மேய்த்தாலும் இரண்டும் விதிதானே என்று இடையனின் உதாரணமும் காட்டினார். அப்படியென்றால் கூரை போட்டிருந்தால் அதுவும் கத்ர்தான். போடாத கூரையை மட்டும் ஏன் கத்ர் என்கிறோம்?

இதை ஒரு மௌலவி நண்பரிடம் சொன்னபோது அவர் என்னை எளிதில் விடவில்லை. மிருகத்தாலும் கிணற்றாலும் சுரங்கத்தாலும் ஏற்படும் சேதத்துக்கு ஈடில்லை என்ற ஹதீஸை எடுத்துப் போட்டார். கூலிக்குக் கிணறு தோண்டியவன் மண் சரிந்து மௌத்தானால் தோண்டச் சொன்னவன் தியத் கொடுக்க வேண்டியதில்லை என்று அறிஞர்கள் அதிலிருந்து சட்டம் எடுத்திருக்கிறார்கள். "உங்கட முதலாளிக்கு இது பொருந்தும்" என்றார். நான் சில நாட்கள் அடங்கிப் போனேன். வசதியான ஹதீஸ்களை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுவது நேர்மையல்ல.

பிறகு அவரே ஒரு நாள் வந்து மிச்சத்தையும் சொன்னார். அதே அறிஞர்கள், பொதுவழியில் கிணறு தோண்டி ஒருவன் விழுந்தால் தோண்டியவன் பொறுப்பு என்கிறார்கள். ஈடில்லை என்பது வரம்பு மீறாதவனுக்குத்தான். ஆக, கேள்வி ஹதீஸில் இல்லை, பட்டறையில் இருக்கிறது. நனைந்த கானை உலையில் போடச் சொன்னது வரம்பு மீறலா?

எனக்கு ஒரு காட்சி ஞாபகம். விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னர், பள்ளிக் கந்தூரிக்கு ஒரு கிடாரத்தின் காது ஒட்டுவதற்காக அந்தப் பட்டறைக்குப் போயிருந்தேன். முதலாளியோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வாளியோடு உலைக்குப் போனான். முதலாளி பேச்சை நிறுத்தாமலே என் முழங்கையைப் பிடித்து மூன்று எட்டுப் பின்னால் இழுத்தார். பையன் கொட்டி முடித்ததும் விட்டார். அப்போது அது எனக்கு விருந்தாளிக்குச் செய்யும் உபசாரமாகத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும், அந்த மூன்று எட்டில், தெரிந்திருக்க வேண்டும்.

தவறுதலாகக் கொன்றவனுக்கும் தியத்தைக் குர்ஆன் விதித்திருக்கிறது. மனம் கறுத்திருந்ததா என்று பார்ப்பது வேறு, இழப்பை யார் தாங்குவது என்று பார்ப்பது வேறு. 1869 முதல் 1876 வரை உஸ்மானியர் தொகுத்த மஜல்லாவில், ஒன்றின் இலாபம் எவருக்கோ அதன் பாரமும் அவருக்கே என்ற கருத்து ஒரு பொதுவிதியாக இடம்பெற்றிருக்கிறது. எங்கள் நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் அடிப்படையில் அதையே சொல்கிறது. வேலையால், வேலை நேரத்தில் காயமென்றால் முதலாளியின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்தான், இருந்தாலும் எங்கள் மஜல்லாவுக்கு அது அந்நியமல்ல.

இன்னொன்றும் படித்தேன், அது என்னைச் சங்கடப்படுத்தியது. 12ஆம் நூற்றாண்டில் ஷாமில் எழுதிய அல் ஷைஸரி, சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கு ஒரு கைநூல் எழுதினார். ரொட்டி சுடுபவர்கள் கூரையை உயர்த்த வேண்டும், புகை போக அகலமான வழி விட வேண்டும், மா பிசைபவன் வியர்வையும் தும்மலும் மாவில் விழாதபடி முகத்தைக் கட்ட வேண்டும் என்கிறார். எண்ணூறு வருடத்துக்கு முன்னரே புகைபோக்கி பற்றிச் சட்டம் என்று பெருமைப்படலாம், படுகிறோம். ஆனால் முகத்தைக் கட்டச் சொன்னது ரொட்டி வாங்குபவனுக்காக. அடுப்போடு நிற்பவனின் நெஞ்சு அந்த வரியில் இல்லை.

நாங்களும் அப்படித்தான். பட்டறைப் புகை வயலைத் தாண்டி வீடுகளுக்கு வந்தபோது ஊர் கூடி மனுக் கொடுத்தது. அந்த மனுவையும் நான்தான் எழுதினேன். புகை எங்களிடம் வந்து சேரும் வரை அதற்குள் நிற்பவர்கள் எத்தனை மணித்தியாலம் நிற்கிறார்கள் என்று ஒரு வசனம் அதில் இல்லை. கழிவு அலுமினியத்தில் வார்த்த சட்டிகளைப் பற்றி 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பத்து நாடுகளில் வாங்கிய 42 பாத்திரங்களைச் சோதித்து, மூன்றிலொன்றுக்கு மேற்பட்டவற்றிலிருந்து கவலைப்படும் அளவில் ஈயம் உணவில் கசியலாம் என்று கண்டார்கள். இதை நண்பர்களிடம் சொன்னால் உடனே வீட்டுத் தாச்சியைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்த ஈயத்தைப் புகையாகச் சுவாசிப்பவனைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

பெரிய ஆலைகளிலும் இதே கதைதான் என்று முதலாளி சொல்வார், அது சரி. 2014 ஓகஸ்ட் 2இல் சீனாவின் குன்ஷான் நகரில் கார்ச் சில்லுகளை மினுக்கும் ஆலையில் அலுமினியத் தூசி வெடித்தது. அன்றே 75 பேர், பின்னர் வைத்தியசாலைகளிலுமாக மொத்தம் 146 பேர் இறந்தார்கள். அங்கே விசாரணை நடந்தது, பொறுப்பானவர்கள் சிறைக்குப் போனார்கள். எங்கள் பட்டறையில் காயப்பட்டது ஒருவன். நான்கு பேர் கூடி, தேநீர் குடித்து, ஒரு தாளில் முடித்தோம்.

"யாரும் கட்டாயப்படுத்தல்லயே, அவனாத்தானே வேலைக்கு வந்தான்" என்பது முதலாளியின் இன்னொரு வாதம். தோணி கரையில் கிடக்க, வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு ராத்தாமார் இருக்க, அவன் தானாகத்தான் வந்தான். வியாபாரத்தில் இரு தரப்பும் பொருந்த வேண்டும் என்கிறோம், பொருளின் குறையை மறைத்து விற்றால் அந்தப் பொருத்தத்தை மதிப்பதில்லை. ஒரு மாட்டை நொண்டி என்று சொல்லாமல் விற்றால் திருப்பிக் கொடுக்கலாம். வெள்ளியாகக் கிடக்கும் உலோகத்துக்குள் என்ன இருக்கிறதென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நட்டஈட்டுச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு உச்சத் தொகை 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்ந்திருந்தது என்பதை நான் பிந்தித்தான் அறிந்தேன். அந்தக் கடிதத்தை எழுதிய இரவில் திருத்தம் அமுலில் இருந்தது. உரிமையைக் கைவிடுவதாக எழுதும் உடன்படிக்கை சட்டத்தின் முன் செல்லாது என்பதையும் அப்போதுதான் வாசித்தேன். ஒரு கண் போனதற்கு முழுத் தொகையும் கிடைத்திருக்காதுதான். ஆனாலும் 'உதவி' என்று நான் எழுதிய இடத்தில் 'கடன்' என்று எழுதியிருக்க வேண்டும்.

போன மாதம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். அவன் கடைத்தெருவில் மரக்கறி வண்டி தள்ளப் போயிருந்தான். உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தத் தாள் செல்லாது, இன்னும் தொழில் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம், தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிவரும் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தார். "செல்லாதெண்டா அப்ப ஏன் சேர் எழுதினீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து அவனையும் கூட்டிக்கொண்டு ஆவணங்களைப் பார்த்தோம். வைத்தியசாலை அட்டை இருக்கிறது. சம்பளத் துண்டு இல்லை, நியமனக் கடிதம் இல்லை, ஊழியர் சேமலாப நிதி இலக்கம் இல்லை. கூடவேலை செய்த இருவரில் ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார், மற்றவர் இன்னும் அதே பட்டறையில். அவன் அங்கே வேலை செய்தான், வேலை நேரத்தில்தான் காயப்பட்டான் என்பதற்கு எழுத்தில் இருக்கும் ஒரே சான்று அன்றிரவு நான் எழுதிய தாள். மூலப்பிரதி முதலாளியின் அலுமாரியில். கேட்டேன். "அது என்ட பாதுகாப்புக்கு வச்சிருக்கன் சேர்" என்றார்.

என்னுடைய பழைய கொப்பியில் அதன் கரட்டுப்பிரதி இருக்கிறது. திகதியோடு, இரண்டு இடத்தில் வெட்டித் திருத்தி, என் கையெழுத்தில். அதைத்தான் கொண்டுபோகப் போகிறோம். எழுதியவர் யார் என்று அங்கே கேட்பார்கள்.