தன்பாற் பரிவும் கற்கும் பிள்ளையும்

தன்னிடத்துத் தானே பரிவு கொள்ளுதல் அறமாகுமா, அன்றி உறுதிக் குறைவுக்கு இடப்பட்ட இன்னொரு பெயரா என்னும் வினா அறவியலுக்குப் புதியதன்று. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பித்தல் வேண்டும் என்னும் கருத்து அண்மைக்காலத்தில் வலுப்பெற்று வருதலால், அவ்வினா வகுப்பறைக்குள்ளும் வந்து நிற்கின்றது.

இலங்கையில் இதனை ஆராய்வோர் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையைக் கடந்து செல்ல இயலாது. வறிய பிள்ளைகளுக்கு வாய்ப்பளிக்கும் நோக்குடைய இப்பரீட்சை, பத்து வயதளவினரை 200 புள்ளிகளுக்குள் வரிசைப்படுத்துகின்றது. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளை, முதல்நாள் அறிந்திருந்தவற்றுள் எதனையும் இழந்துவிடவில்லை. ஆயினும் பெறுபேறு வெளியாகிய மாலையில் அது தன்னைப்பற்றிப் புதியதொன்றை அறிந்துகொள்கின்றது. ‘இக்கணக்கைப் பிழையாகச் செய்தேன்’ என்பது செயல்பற்றிய தீர்ப்பு. ‘நான் ஒன்றுக்கும் உதவேன்’ என்பது ஆள்பற்றிய தீர்ப்பு. முன்னது திருத்தத்துக்கு வழிவிடும். பின்னதோ புத்தகத்தைத் திறக்கவே அஞ்சச் செய்யும்.

நாணம் தமிழர் போற்றிய பண்பன்றோ என வினவுவாருளர். வள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அவர் கூறும் நாணம் தகாத செயல்பற்றி எழுவது. பின்னங்களைக் கூட்டத் தெரியாமை தீவினையன்று. கல்லாதவரை அவர் கடிந்தமை மெய்யே. எனினும் கற்கையில் இடறும் சிறுவர் கல்லாதவரல்லர்.

2003இல் கிறிஸ்ரின் நெவ் என்னும் அமெரிக்க உளவியலாளர் தன்பாற் பரிவினை மூன்று கூறுகளாக விளக்கினார்: தன்னிடம் கனிவு, குறைபாடு மாந்தர் யாவர்க்கும் பொதுவென்னும் உணர்வு, துன்பத்தை மறையாதும் மிகையாக்காதும் நோக்கும் விழிப்பு. பௌத்த மரபிலிருந்து தாம் பெற்றதை அவர் மறைத்தாரல்லர். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கமும் மைத்திரிப் பயிற்சியைத் தன்னிலிருந்தே தொடங்குமாறு கூறும். ஆயினும் தன்னோடு நின்றுவிடும் மைத்திரி பயன்தராது என்பதையும் அந்நூல் உடன் கூறுகின்றது. தான் இன்பம் விரும்புவதுபோலவே பிறரும் விரும்புவர் என உணர்தற்குத் தான் ஒரு சான்று, அவ்வளவே. இவ்வெல்லையை மறந்தாற் பரிவு தன்னலமாய்விடும்.

பரிவு சோம்பலை வளர்க்கும் என்னும் அச்சத்துக்கு 2012இல் கலிபோர்ணியாவில் பிரைன்ஸ், சென் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஓரளவு விடைதருகின்றது. கடினமான சொற்பரீட்சையொன்றின்பின், இடர்ப்படுதல் பலர்க்கும் இயல்பு, தம்மைக் கடிந்துகொள்ள வேண்டாம் எனக் கூறப்பட்ட மாணவர், ஏனையோரிலும் நீண்டநேரம் அடுத்த பரீட்சைக்குப் படித்தனர். அவர்கள் பல்கலைக்கழக மாணவர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. பத்து வயதினர்க்கு அதனை அப்படியே பொருத்துதல் அவசர முடிபாகும்.

இதனினும் வலிய தடையொன்றுண்டு. பெயர்பெற்ற பாடசாலைகளில் இடம் சிலவே, நாடுவோரோ பலர். இப்பற்றாக்குறையை அவ்வாறே விட்டு, தோற்ற பிள்ளையை நோக்கி ‘உன்னிடம் நீ கனிவாயிரு’ என்பது, சமுதாயம் தன் கடமையைப் பிள்ளையின் தலையிற் சுமத்துவதாகாதா? ஆகும். பரிவு நீதிக்கு ஈடன்று. ஆனால் நீதி வரும்வரை பிள்ளை தன்னை வெறுத்தபடி காத்திருக்க வேண்டும் என்பதற்கும் நியாயமில்லை. தன் தோல்விக்குத் தானே முழுக்காரணம் என நம்பும் பிள்ளை வளர்ந்தபின்னும் அவ்வொழுங்கைக் கேள்விக்குட்படுத்தாது.

இதனை ஒரு பாடமாக்கிப் புள்ளியிடுதல் நகைப்புக்கிடமானது. பரிவிலும் தோற்றவர் எனச் சிலர் எஞ்சுவர். பிள்ளை தன்னோடு பேசும் மொழி பெரும்பாலும் பிறர் அதனோடு பேசிய மொழியே. விடைத்தாளிற் பிழையைச் சுட்டியபின் ஆசிரியர் கூறும் ஒரு சொல், வீட்டிலே அயற்பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிடும் ஒரு சொல் ஆகியனவே பிள்ளையின் உள்ளத்திற் குரலாய் நிலைக்கின்றன. அவ்வாசிரியரோ தம் வகுப்பிற் சித்தியடைந்தோர் தொகையைக் கொண்டே அதிபராலும் பெற்றோராலும் மதிக்கப்படுகின்றார். பெறுபேறு குறைந்த ஆண்டில் அவர் தமக்குத்தாமே கூறிக்கொள்ளும் சொற்களையும் மறுநாட் காலை அவ்வகுப்பு கேட்கின்றது.