வண்டி உருளத் தொடங்கிய பின் திரையில் கை வேண்டாம்

பண்டிகை விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரில் ஊருக்குக் கிளம்புகிறவர்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் இப்போதே. பெட்டிகளை ஏற்றி, பெல்ட் போட்டு, கியரில் கை வைக்கும் முன் ஐந்து நிமிடம் வாசலிலேயே நில்லுங்கள். மேப்பில் ஊரைப் போடுவது, பாட்டு லிஸ்ட் தேர்ந்தெடுப்பது, ஏசியை எத்தனை டிகிரி வைப்பது, புளூடூத்தில் யார் போன் சேர வேண்டும் என்பது, பாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்பது, எல்லாவற்றையும் அந்த ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். வண்டி உருளத் தொடங்கிய பிறகு ஓட்டுகிறவரின் கை டாஷ்போர்டுத் திரைப் பக்கம் போகவே கூடாது.

“கையில்தான் போன் இல்லையே” என்பீர்கள். இந்தச் சமாதானம்தான் ஆபத்து. ஆப்பிள் கார்ப்ளே 2014இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015இலும் வந்தபோது எண்ணம் நல்லதாகவே இருந்தது: போனில் தேவையான நாலைந்து வேலைகளை மட்டும் பெரிய எழுத்தில் டாஷ்போர்டுக்குக் கொண்டுவருவது. 2019 வாக்கில் நம் சந்தையிலும் ‘கனெக்டட் கார்’ என்ற விளம்பரம் சூடு பிடித்தது. இன்று ஷோரூமில் விற்பனையாளர் முதலில் தட்டிக் காட்டுவது திரையைத்தான். பிரேக் எப்படி என்று கேட்கிறவரைக் காணோம். கம்பெனியே பொருத்திக் கொடுத்திருக்கிறது, அப்படியென்றால் ஓட்டும்போது தொடலாம் என்று மனசு தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது.

சட்டமும் அந்தக் கணக்குக்கு இடம் கொடுத்துவிட்டது போலத் தோன்றும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் போன் வைத்துக்கொண்டு ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் அபராதத்தை உயர்த்தியபோது முதல் முறைக்கு 1,000 ரூபாய், மறுமுறைக்கு 10,000 ரூபாய் என்று வைத்தார்கள். வழி பார்க்க மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் விதி வந்தது. டாஷ்போர்டில் பதித்த பத்து அங்குலத் திரையைப் போலீஸ்காரர் எட்டிப் பார்த்து ரசீது போடப்போவதில்லை. பிடிபடாதது எல்லாம் சரியானது என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர்கள் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நாமே அப்படி நடந்துகொள்கிறோம்.

பிரிட்டனில் ஐஏஎம் ரோடுஸ்மார்ட் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்புக்காக டிஆர்எல் ஆய்வகம் 2020இல் ஒரு சோதனை செய்தது. ஓட்டுநர்களைச் சிமுலேட்டரில் உட்கார வைத்து, திடீரென ஒன்று எதிரே வந்தால் எவ்வளவு நேரத்தில் சுதாரிக்கிறார்கள் என்று அளந்தார்கள். கார்ப்ளேயைத் தொட்டு இயக்கியபோது சுதாரிக்கும் நேரம் 57 சதவீதம் கூடியது. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதம். அதே ஆய்வகத்தின் முந்தைய சோதனைகளில், போனில் மெசேஜ் அடித்தவர்களுக்கு 35 சதவீதம். அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை குடித்திருந்தவர்களுக்கு 12 சதவீதம். குடித்துவிட்டு ஸ்டியரிங்கில் உட்காருகிற மாப்பிள்ளையிடம் சாவியைப் பிடுங்கும் வீடுகள் உண்டு. மேப்பில் ஊர் மாற்றிக்கொண்டே ஓட்டுகிற மாப்பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஏசி காற்றைக் குறைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் அதற்கு ஒரு திருகு உண்டு. கண் சாலையில் இருக்கும், கை தானாகப் போய்ப் பிடிக்கும், இரண்டு ‘க்ளிக்’ திருப்பினால் வேலை முடிந்தது. இப்போதோ மேப்பை விட்டு வெளியே வந்து, ஏசிப் பக்கத்தைத் திறந்து, ஃபேன் படத்தைத் தேடி, வழுக்கும் கண்ணாடியில் ஒரு விரல்நுனி இடத்தைக் குறிபார்த்துத் தொட வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும். விரல் பக்கத்து ஐகானில் விழும். சீட்டுக்கு அடியில் காற்றடிக்கத் தொடங்கும். அதை அணைக்க மறுபடி ஒரு தேடல். ஸ்வீடனின் வீ பிலேகரே கார் பத்திரிகை 2022இல் இப்படிப்பட்ட சாதாரண வேலைகளை மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செய்ய வைத்துப் பார்த்தது. பொத்தான்கள் உள்ள 2005 மாடல் வால்வோவில் எல்லாம் 10 விநாடியில் முடிந்தன. அதற்குள் வண்டி 306 மீட்டர் ஓடியிருந்தது. மிக மோசமாக வந்த தொடுதிரைக் காரில் 44.9 விநாடி, 1,372 மீட்டர். இத்தனைக்கும் அந்த ஓட்டுநர்களுக்குத் திரையைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரம் கொடுத்திருந்தார்கள். ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கைக்குப் படுகிற பொத்தான் இருந்தால்தான் 2026 முதல் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. நம் ஊர்க் கம்பெனிகளுக்கும் அந்தப் புத்தி வரட்டும். அதுவரை புத்தி நம்மிடம் இருக்க வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். தூரம் நன்றாகத் தெரிவதால் படிக்கிற கண்ணாடி போடாமல்தான் ஓட்டுவீர்கள். டாஷ்போர்டுத் திரையோ கை நீட்டும் தொலைவில்தான் இருக்கிறது. அதில் உள்ள சின்ன எழுத்து மங்கும். தலையை முன்னே நீட்டி, கண்ணைச் சுருக்கி, இன்னொரு முறை பார்ப்பீர்கள். பிறகு நிமிர்ந்தால் தூரத்துக் காட்சி கூர்மையாகத் தெரிய ஒரு கணம் பிடிக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. செங்கல்பட்டைத் தாண்டிய நெடுஞ்சாலையில், எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வரும் டூவீலருக்கும் மீடியனிலிருந்து இறங்கும் மாட்டுக்கும் அந்த 22 மீட்டர் போதும். லேன் மாறினால் எச்சரிக்கும் வசதி வண்டியில் இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் அதை நம்பிக்கொண்டு கண்ணை எடுக்காதீர்கள்.

வாயால் சொன்னால் போதுமே என்பது அடுத்த சமாதானம். தொடுவதைவிட அது மேல்தான், சந்தேகமில்லை. ஆனால் முன்சொன்ன பிரிட்டிஷ் சோதனையில் வாய்மொழிக் கட்டளைக்கும் சுதாரிப்பு 30 முதல் 36 சதவீதம் வரை தாமதமானது. அமெரிக்காவில் ஏஏஏ அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தினர் 2015இல் செய்த ஆய்வில், மோசமான சில கருவிகளோடு பேசி முடித்த பிறகும் ஓட்டுநரின் மனம் சாலைக்கு முழுதாகத் திரும்ப 27 விநாடி வரை ஆனது. உளுந்தூர்பேட்டை என்று நீங்கள் அழுத்தந்திருத்தமாகச் சொல்ல, அது வேறெதையோ காட்ட, எரிச்சலில் குரலை உயர்த்தி மறுபடி சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரு முறை சொல்லிப் புரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டுகிறவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. “என்னங்க, அந்தப் பாட்ட மாத்துங்க”, “அப்பா, சத்தம் வைங்கப்பா” என்று அவரிடம் கேட்கிறவர்கள் நாம்தான். முன்சீட்டில் உட்காருகிறவருக்கு இனி ஒரு பொறுப்பு உண்டு: திரை அவருடையது. மேப், பாட்டு, அழைப்பு, ஏசி எல்லாம் அவர் கையில். அந்த இடத்தில் உட்கார்ந்து தூங்குகிறவர் பின்சீட்டுக்குப் போய்விடட்டும், விழித்திருக்கிற பெரிய பெண்ணோ பையனோ முன்னே வரட்டும். தனியாக ஓட்டுகிறவர் பாட்டு பிடிக்கவில்லை என்றால் அடுத்த டோல்கேட் வரை சகித்துக்கொள்ளலாம். அழைப்பு வந்தால் எடுப்பதும் முன்சீட்டுக்காரர் வேலை. எடுத்தவுடன், “ஸ்பீக்கர்ல இருக்கீங்க, வண்டில அத்தை, பசங்க எல்லாரும் இருக்காங்க” என்று முதலில் சொல்லிவிடுவது மரியாதை. அதைச் சொல்லாததால் வந்த மனஸ்தாபங்களை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

ஊரில் காத்திருக்கும் பெரியவர்களே, அண்ணன் தம்பிகளே, உங்களுக்கும் பங்கு இருக்கிறது. “எங்க வந்துட்டிருக்கீங்க?” என்று அரை மணிக்கொரு தரம் ஓட்டுகிறவர் போனுக்கு அடிக்காதீர்கள். வண்டி எங்கே போகிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கும் வசதி இப்போது பல கார்களின் ஆப்பில் இருக்கிறது. இல்லாவிட்டாலும் கூகிள் மேப்ஸில் பயணத்தைப் பகிரலாம். கிளம்பும் முன் ஒரு முறை அனுப்பிவிட்டால் போதும். திரையால் கிடைக்கிற நல்ல பயன்களில் இது ஒன்று. எஸ்ஓஎஸ் பொத்தான் இருக்கிற வண்டி என்றால் அது எங்கே இருக்கிறது, எத்தனை நேரம் அழுத்த வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். ஓட்டுகிறவருக்கு ஏதாவது ஆனால் அதை அழுத்த வேண்டியது மற்றவர்கள்தானே.

மேப் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் வேண்டாம். 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, மேப் காட்டிய வழியில் போன கார் ராம்கங்கா ஆற்றின் மேல் பாதியில் அறுந்து நின்ற பாலத்திலிருந்து கீழே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் போயிருந்தது. அங்கே தடுப்பு வைக்காமல் விட்டது நிர்வாகத்தின் குற்றம். ஆனாலும் இருட்டில், தெரியாத வழியில், ஆள் நடமாட்டமே இல்லாத சாலைக்கு மேப் திருப்பினால் வேகத்தைக் குறையுங்கள். டீக்கடையில் நிறுத்தி ஒருவரிடம் வழி கேட்பதில் கௌரவம் குறைந்துவிடாது.

கடைசியாக, வீடியோ. வண்டி ஓடும்போது முன்திரையில் படம் வரக் கூடாது என்பதற்காகவே பல வண்டிகளில் ஹேண்ட்பிரேக்கோடு ஓர் ஒயரை இணைத்திருப்பார்கள். பிரேக் போட்டிருந்தால்தான் வீடியோ ஓடும். அக்சசரீஸ் கடையில் “எப்பவும் ஓடுற மாதிரி பண்ணிடலாம் சார்” என்று அந்த ஒயரைப் பிரித்து வேறு இடத்தில் கொடுத்துவிடுகிறார்கள். யுஎஸ்பியில் ஆண்ட்ராய்டு பாக்ஸைச் செருகி யூடியூப் ஓட்டுகிறவர்களும் உண்டு. குழந்தைகள் பார்க்கத்தான் என்பார்கள். பின்சீட்டுக் குழந்தைக்கு முன்திரையில் என்ன தெரியும்? பார்க்கிறது ஓட்டுகிறவர் கண். மற்றதெல்லாம் பழக்க தோஷம், மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்று விடலாம். இதைத் தெரிந்தே பணம் கொடுத்துச் செய்துகொள்கிறோம், தள்ளிப்போட இடமில்லை. உங்கள் வண்டியில் அந்த ஒயர் பிரிந்திருந்தால் ஊருக்குக் கிளம்பும் முன் அதே கடைக்குப் போய் மறுபடி ஹேண்ட்பிரேக்கில் இணைத்துத் தரச் சொல்லுங்கள். பாக்ஸ் இருந்தால் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.